வெந்நீர்ச் சுற்றில் சிக்கிய காற்று: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெரிய கட்டடங்களை பாய்லர் வெந்நீரால் சூடாக்கும் அமைப்பில் ஓர் அறை சூடேறவில்லை என்று புகார் வந்தால், கை முதலில் போவது, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் காற்றுத் துளையைத் திறக்கும் சாவிக்குத்தான். திருகினால் உஸ்ஸென்று காற்று போகும், அறை சூடாகும், சில நாளில் அதே அறையிலிருந்து அதே புகார் திரும்ப வரும். மூடிய சுற்றுக்குள் காற்று மறுபடி மறுபடி சேர்கிறது என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அதை அடைக்காமல் காற்றுத் துளையை, அதாவது வென்ட்டை, மட்டும் திறந்துகொண்டிருந்தால், வெளியேறிய காற்றின் இடத்துக்குப் புதுத் தண்ணீர் வரும். அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்பை அரிக்கும். மிச்சமிருக்கும் நைட்ரஜன் அடுத்த குமிழியாகும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் காற்றை எடுக்கும் முறையோடு, அது நுழைந்த வழியையும் சேர்த்தே பார்க்கிறோம்.

சாவியைத் தொடும் முன்

பாய்லரை நிறுத்தி, தண்ணீர் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். 80 டிகிரித் தண்ணீர் வென்ட் வழியே பீய்ச்சினால் கை வெந்துவிடும். பிறகு பம்ப்பையும் நிறுத்தி, சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்க் இணைந்திருக்கும் இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜைப் படியுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார். கேஜிலிருந்து மேல்மாடியின் உச்சிப் பைப் 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் அங்கே தண்ணீர் எட்டவே 1.18 பார் வேண்டும்; உச்சியில் 0.5 பார் மிச்சம் இருக்க வேண்டுமானால் கீழே 1.7 பார் காட்ட வேண்டும். கேஜ் 1.2 காட்டினால் மேல்மாடியில் வென்ட்டைத் திறப்பதே வீண். முதலில் அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். கேஜையும் நம்பிவிட வேண்டாம், பழைய கேஜ்கள் முள் ஒட்டிக்கொண்டு நிற்பது சகஜம். நல்ல கேஜ் ஒன்றை, தண்ணீர் இறக்கும் குழாயான டிரெயின் காக்கில் மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, டேங்க் எந்த வகை? உள்ளே தண்ணீரையும் காற்றையும் பிரிக்கும் ரப்பர் டயாஃபிரம் உள்ளதா, அல்லது கூரையடியில் தொங்கும் வெற்று இரும்புத் தொட்டியா? பழைய கட்டடங்களில் இந்த இரண்டாம் வகை இன்னும் இருக்கிறது. அதற்கு விதியே வேறு. அதில் டேங்குக்குள் இருக்கும் காற்றுதான் விரிவுக்கு இடம் கொடுக்கும் மெத்தை. சுற்றில் பிரியும் காற்றை டேங்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அமைப்பில் யாராவது நல்ல எண்ணத்தோடு தானியங்கி ஏர் வென்ட்களை மாட்டினால், டேங்கின் காற்று கரைந்து கரைந்து அந்த வென்ட்கள் வழியே போய்விடும். டேங்க் முழுக்கத் தண்ணீராகும், அழுத்தம் மிகும்போது தண்ணீரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு ஒழுகும். அப்படிப்பட்ட சுற்றில் தானியங்கி வென்ட்களை அடைத்துவிட்டு, நிரப்பும்போது மட்டும் கையால் திறக்கும் வென்ட்களைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவதாக, சுற்றில் குறைவதை ஈடுகட்ட வெளியிலிருந்து சேர்க்கும் மேக்கப் தண்ணீரின் மீட்டர். மீட்டர் இல்லையென்றால் ஒன்று பொருத்துங்கள். இந்த வேலையில் இதைவிட உபயோகமான கருவி கிடையாது. நிரப்பி முடித்த மூடிய சுற்று மாதக்கணக்கில் தண்ணீர் கேட்கக் கூடாது. மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் கசிவு இருக்கிறது. அந்தக் கசிவுதான் காற்று வரும் வாசல். 20 டிகிரியில், சாதாரண வளி அழுத்தத்தில், ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் 18 மில்லிலிட்டருக்கு மேல் காற்று கரைந்திருக்கும். சூடேறும்போது அதில் பெரும்பகுதி பிரிந்து வெளியே வரும்.

இவற்றோடு ஒரு சின்னச் சோதனை. டேங்க் இணையும் இடத்தின் கேஜைப் பார்த்துக்கொண்டே பம்ப்பை ஓட விடுங்கள், நிறுத்துங்கள். காற்று இல்லாத சுற்றில் அந்த இடத்து முள் ஏறக்குறைய அசையாது. பம்ப் ஓடியதும் முள் கீழே இறங்கி, நின்றதும் பழைய இடத்துக்குத் திரும்பினால், பம்ப்பின் தள்ளும் பக்கத்தில் எங்கோ பெரிய காற்றுப்பை இருக்கிறது. பம்ப் அதை நெருக்க, அந்த இடத்தை நிரப்ப டேங்கிலிருந்து தண்ணீர் போகிறது.

அறிகுறி: ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ச்சி, கீழ்ப்பாதி சூடு

இது எளிய வகை. நடுக்கீழ்ப் பகுதி குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் அது சேறு, காற்று அல்ல. சாவியைத் திரும்பப் பையில் போட்டுவிடுங்கள்.

பம்ப் நின்றிருக்கும்போது, கீழ்மாடியில் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக எடுங்கள். தெர்மோஸ்டாட் வால்வுகள் முழுக்கத் திறந்திருக்கட்டும். சாவியைக் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. முழுக்கக் கழற்றினால் வென்ட்டின் ஊசித் திருகு கையோடு வந்துவிடும். காற்று நின்று, துப்பலும் நின்று, தண்ணீர் நூலாக வந்ததும் மூடுங்கள். ஐந்தாறு ரேடியேட்டருக்கு ஒருமுறை கேஜைப் பார்த்து அழுத்தத்தை மேலே கொண்டுவாருங்கள். இதை விட்டுவிட்டால் கடைசி மாடி வரும்போது அங்கே தண்ணீரே இருக்காது. பம்ப் ஓடும்போது ஏன் எடுக்கக் கூடாது என்றால், ஓட்டம் குமிழிகளை உச்சியில் தங்க விடாமல் இழுத்துப் போகும். சில இடங்களில் அடுத்த பகுதியில் சொல்வது போல் வெளிக்காற்று உள்ளே வரும்.

அறிகுறி: வென்ட்டைத் திறந்தால் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது

உடனே மூடுங்கள். பம்ப்பை நிறுத்திவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். நின்றிருக்கும்போதும் இழுத்தால் நிரப்பு அழுத்தம் போதவில்லை. நின்றால் தண்ணீர் வருகிறது, ஓடினால் இழுக்கிறது என்றால் டேங்க் பம்ப்பின் தவறான பக்கத்தில் இணைந்திருக்கிறது. அடிக்கடி திரும்பும் காற்றுத் தொல்லைகளில் இதைத்தான் பலர் கடைசிவரை சந்தேகிப்பதில்லை.

டேங்க் சுற்றோடு சேரும் புள்ளியில் பம்ப் ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறாது. டேங்க் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் பம்ப் தரும் அழுத்தம் முழுவதும் சுற்றின் மேல் கூடும். தள்ளும் பக்கத்தில் இருந்தால் அதே அளவு சுற்றிலிருந்து கழியும். மேலே சொன்ன 12 மீட்டர் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையில் கீழே 1.7 பார், உச்சியில் 0.5 பார். பம்ப் தருவது 1 பார். அதில் பாதி உச்சியின் சப்ளைப் பைப்பை (வெந்நீர் போகும் பைப்) எட்டுவதற்குள் செலவாகிறது, உச்சியின் ரிட்டர்ன் பைப்பை (திரும்பி வரும் பைப்) எட்டும்போது மொத்தம் 0.8 பார் செலவாகிவிடுகிறது என்று வையுங்கள். டேங்க் சரியான பக்கத்தில் இருந்தால் உச்சியில் சப்ளை 1 பார், ரிட்டர்ன் 0.7 பார். தவறான பக்கத்தில் இருந்தால் சப்ளை பூஜ்யம், ரிட்டர்ன் மைனஸ் 0.3 பார். அங்கே இருக்கும் தானியங்கி வென்ட் காற்றை வெளியேற்றாது. பம்ப் ஓடும் நேரமெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும். வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் வழியாகவும் காற்று வரும். தண்ணீர் வெளியே கசியாததால் யார் கண்ணிலும் படாது.

நிரந்தரத் தீர்வு, டேங்கின் இணைப்புப் பைப்பை பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு மாற்றுவது. பெரும்பாலும் இது சிறு பைப்தான். டேங்கை நகர்த்தத் தேவையில்லை. தண்ணீர் நிரப்பும் வால்வையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அது வேறிடத்தில் இருந்தால் பம்ப் ஓடும்போது குறைந்த அழுத்தத்தைப் பார்த்து ஏமாந்து தண்ணீரைச் சேர்க்கும். பம்ப் நின்றதும் அழுத்தம் எகிறும். டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையில் அழுக்கை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் இருந்தால் அதையும் பாருங்கள். பாதி அடைத்த ஸ்ட்ரெய்னர் சரியான அமைப்பையும் தவறானது போல நடக்க வைக்கும். பைப் வேலைக்கு நாள் கிடைக்கும்வரை உச்சியின் ரிட்டர்ன் வென்ட்களை அடைத்து வைக்கலாம். ரிலீஃப் வால்வின் அளவும் டேங்கின் கொள்ளளவும் இடம் தந்தால் நிரப்பு அழுத்தத்தை 0.5 பார் ஏற்றலாம். அப்போது டேங்கின் காற்றழுத்தத்தையும் அதே அளவு ஏற்ற வேண்டும்.

அறிகுறி: ஒரு கிளை முழுவதும் ஓட்டமே இல்லை

பம்ப் ஓடுகிறது, வால்வு திறந்திருக்கிறது, கிளையின் இரண்டு பைப்களும் குளிர்ந்திருக்கின்றன. பீமைத் தாண்ட மேலே ஏறி இறங்கும் பைப்பில் காற்று அடைத்து நிற்கிறது. உச்சியில் வென்ட் இல்லாததால் சாவியால் எடுக்க முடியாது. வேகமாகத் தண்ணீரை ஓட்டித் தள்ளத்தான் வேண்டும்.

கீழிறங்கும் பைப்பில் குமிழியை இழுத்துச் செல்ல நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். 25 மி.மீ. பைப்பில் அது நிமிடத்துக்கு 20 லிட்டர், 50 மி.மீ. பைப்பில் 80 லிட்டர்; 100 மி.மீ. பைப்பில் 300 லிட்டருக்குக் கிட்ட வரும், பெரிய பைப்புக்கு இன்னும் கூடுதல் வேகமே நல்லது. சாதாரண ரப்பர் ஹோஸ் நிமிடத்துக்கு 20 லிட்டர் தந்தால் அதை 50 மி.மீ. கிளையில் வைத்து மணிக்கணக்கில் நின்றாலும் காற்றுக்கு அடியில் தண்ணீர் வழிந்து போகுமே தவிர காற்று நகராது. இதற்குத் தனிப் பம்ப்பும் தொட்டியும் உள்ள வண்டி வேண்டும். அதே தண்ணீரைச் சுழற்றிவிடுவதால் புதுத் தண்ணீரும் அதிகம் போகாது.

1. பாய்லரை நிறுத்தி, மற்ற எல்லாக் கிளைகளையும் மூடுங்கள். ஒரே கிளைக்கு முழு ஓட்டமும் போக வேண்டும்.
2. அந்தக் கிளையின் கன்ட்ரோல் வால்வுகளைக் கையால் முழுக்கத் திறந்து வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது தானாக மூடும் வகையாக இருந்தால் நெம்புகோலைத் திறந்த நிலையில் மாட்டுங்கள். இந்த ஒரு படி மறந்துபோனதால் அரை நாள் வீணாவது சாதாரணம்.
3. வண்டியின் தள்ளும் ஹோஸை சப்ளை பக்க டிரெயினிலும், திரும்பும் ஹோஸை ரிட்டர்ன் பக்க டிரெயினிலும் மாட்டி, இரண்டுக்கும் இடையே பாய்லர் பக்கம் போகும் வால்வுகளை மூடுங்கள். ஒரே திசையில் மட்டும் ஓட்டம் விடும் செக் வால்வு எந்தத் திசை பார்க்கிறது என்று கவனியுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் ஒன்றும் நகராது.
4. திரும்பும் ஹோஸின் முனை வண்டித் தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கட்டும். வெளியே தொங்கினால் குமிழி நின்றதா என்று தெரியாது. விழும் தண்ணீர் புதுக் காற்றையும் கலந்து திருப்பி அனுப்பும்.
5. குமிழி நின்ற பின்னும் சில நிமிடங்கள் ஓட்டி, பம்ப்பைச் சட்டென்று நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். ஒளிந்திருக்கும் கடைசிப் பை பெரும்பாலும் அந்த உதறலில்தான் வரும்.
6. முதலில் திரும்பும் வால்வை மூடி, நிரப்பு அழுத்தம் வந்ததும் தள்ளும் வால்வை மூடி, அதன் பிறகே வண்டியை நிறுத்துங்கள்.

தரைக்கடியில் ஓடும் பைப் வளையங்களுக்கு (லூப்) தண்ணீரைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டில் ஒவ்வொரு லூப்பையும் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். 16 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள 100 மீட்டர் பைப்பில் 11 லிட்டர் தண்ணீர்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினாலே வேண்டிய வேகம் வந்துவிடும், மூன்று நிமிடத்தில் ஒருமுறை முழுக்க மாறும். மூன்று முறை மாறவிட்டு அடுத்த லூப்புக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் குட்டையான லூப் வழியே தண்ணீர் ஓடிவிடும், நீளமானவை அப்படியே நிற்கும்.

அறிகுறி: பம்ப்பில் சரளைக்கல் சத்தம், முள் ஆட்டம்

தள்ளும் பக்க முள்ளும் ஆம்ப்பியர் அளவும் சேர்ந்து ஏறி இறங்கினால் பம்ப்புக்குள் காற்று போகிறது. சத்தம் மட்டும் சீராக இருந்து, உறிஞ்சும் பக்க அழுத்தம் குறைவாக இருந்தால் கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரே ஆவிக் குமிழியாகி உடைவது. ஸ்ட்ரெய்னரையும் உறிஞ்சும் பக்க வால்வையும் பாருங்கள். அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சத்தம் குறையும் என்பது இரண்டுக்கும் பொதுவானது, அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பம்ப்பை நிறுத்தி, மேலுள்ள வென்ட் திருகைத் தளர்த்திக் காற்றை எடுங்கள். மோட்டார் மேலே நிற்கும் இன்லைன் பம்ப்களில், சுழலும் தண்டு வழியே தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல்தான் உச்சி, காற்று அங்கே போய்த் தங்கும். சீல் பகுதி வென்ட்டைத் திறக்காமல் ஓட்டினால் சீல் உலர்ந்து சுட்டுப் போகும். தண்ணீர் இறக்கி நிரப்பிய பிறகு சீக்கிரமே சீல் ஒழுகினால் காரணம் பெரும்பாலும் இதுதான். உறிஞ்சும் பக்கத்தில் பைப் அளவு குறையும் இடத்தில் மையம் ஒன்றான ரெட்யூசர் போட்டிருந்தால் அதன் மேல்மூலையிலும் காற்று தங்கும். படுக்கைப் பைப்பில் தட்டைப் பக்கம் மேலே பார்க்கும் ரெட்யூசர்தான் வேண்டும்.

அறிகுறி: குளிர்ந்த சுற்றில் சத்தமில்லை, சூடேறும்போது பைப்பில் சலசலப்பு

இது கரைந்த காற்று பிரியும் சத்தம். சூடு ஏற ஏற, அழுத்தம் இறங்க இறங்க, தண்ணீர் காற்றைக் கைவிடும். ஆகவே தண்ணீரிலிருந்து குமிழிகளைப் பிரித்து எடுக்கும் ஏர் செபரேட்டர் இருக்க வேண்டிய இடம் பாய்லரை விட்டு வெளியே வரும் சூடான பைப், அதுவும் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில். ரிட்டர்ன் பைப்பில் மாட்டிய செபரேட்டர் ஏற்கனவே குமிழியாக வருவதை மட்டும் பிடிக்கும். செபரேட்டர் சரியான இடத்தில் இருந்தும் பிடிக்கவில்லையா? அதன் மேல் வென்ட் அடைத்திருக்கிறதா என்றும், பைப்பில் வேகம் செபரேட்டரின் வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். நுண்குமிழி வகைக்கு நொடிக்கு சுமார் 1.2 மீட்டர் என்பது வழக்கமான எல்லை. அதிவேக வகைகள் தனியே உண்டு.

உயரமான கட்டடத்தில் பாய்லர் அடித்தளத்தில் இருந்தால் அங்கே நிலை அழுத்தம் அதிகம். தண்ணீர் சூடாக இருந்தும் காற்றை விடாது. மேல்மாடிக்குப் போய், அழுத்தம் குறைந்த பிறகுதான் பிரியும். அப்படிப்பட்ட இடத்தில் அடித்தளச் செபரேட்டரைப் பெரிதாக்கிப் பயனில்லை. சுற்றின் தண்ணீரில் சிறு பங்கை எடுத்து வெற்றிடத்தில் வைத்து வாயுவைப் பிரிக்கும் வேக்கம் டிகேஸர்தான் அங்கே பலன் தரும்.

புதிதாக நிரப்பிய சுற்றில் இந்தச் சலசலப்பு இயல்பு. எல்லா வால்வும் திறந்த நிலையில், வடிவமைத்த உச்ச வெப்பநிலையில், பம்ப்பை முழு வேகத்தில் சில மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வென்ட் எடுங்கள். உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்கால் கலந்த சுற்றில் குமிழி மெதுவாகத்தான் ஏறும், இரண்டு மடங்கு பொறுமை வேண்டும்.

அறிகுறி: சூட்டில் ரிலீஃப் வால்வு சொட்டும், ஆறியதும் அழுத்தம் விழும்

டேங்க் வேலை செய்யவில்லை. 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும் தண்ணீர் ஏறக்குறைய 2.9 சதவீதம் விரியும். 3000 லிட்டர் சுற்றில் 86 லிட்டர். டேங்க் வாங்கிக்கொள்ளாததை ரிலீஃப் வால்வு வெளியே விடுகிறது. ஆறும்போது அவ்வளவு புதுத் தண்ணீர், அவ்வளவு புதுக் காற்று. நிரப்பும் வால்வு மூடியிருந்தால் இன்னும் மோசம்: இரவில் சூடு குறையும்போது உச்சியில் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போய், வென்ட்கள் வெளிக்காற்றை இழுக்கும்.

பாய்லர் நின்று ஆறிய பிறகு டேங்கின் வால்வை மூடி, டேங்கின் தண்ணீர்ப் பக்கத்தை முழுக்க இறக்குங்கள். அதன் பிறகே காற்று வால்வில் கேஜை வையுங்கள். இறக்காமல் அளந்தால் சுற்றின் அழுத்தத்தைத்தான் படிப்பீர்கள். நம் 12 மீட்டர் கட்டடத்துக்கு 1.4 பார் இருக்க வேண்டும், குளிர் நிரப்பு அழுத்தத்தைவிட 0.3 குறைவு. குறைந்திருந்தால் நைட்ரஜனோ காற்றோ ஏற்றுங்கள். காற்று வால்வில் தண்ணீர் வந்தால் டயாஃபிரம் கிழிந்துவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை. முடிந்ததும் டேங்கின் வால்வைத் திறந்து, கைப்பிடியைக் கழற்றியோ பூட்டியோ வையுங்கள். டேங்க் மூடிய நிலையில் பாய்லரை எரிய விடவே கூடாது.

தானியங்கி வென்ட் சொட்டுவது வேறு கதை. இருக்கையில் துரு அமர்ந்திருக்கும். அடியிலுள்ள வால்வை மூடி, கழற்றிக் கழுவுங்கள், அல்லது மாற்றுங்கள். சொட்டை நிறுத்த மூடியை இறுக்குவது பலரின் பழக்கம். இறுக்கிய வென்ட் வெறும் அலங்காரம்.

அறிகுறி: கசிவு இல்லை, மீட்டர் ஓடவில்லை, ஆனாலும் வாயு சேர்கிறது

அது காற்றாக இருக்காது. இரும்பு தண்ணீரோடு வினைபுரிந்து கருப்பு மேக்னடைட்டாக மாறும்போது ஹைட்ரஜன் பிறக்கும். அலுமினிய வெப்பமாற்றியில் பிஎச் ஏறினாலும் அப்படியே. அதே ரேடியேட்டர்களில் திரும்பத் திரும்ப வாயு, கூடவே மைபோல் கருப்புத் தண்ணீர் என்றால் இதைச் சந்தேகியுங்கள். ஹைட்ரஜன் எரியும் வாயு: வென்ட் அருகே தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் பழைய வழக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். தண்ணீர் மாதிரியில் பிஎச், கரைந்த இரும்பு, அரிப்பைத் தடுக்கும் மருந்தான இன்ஹிபிட்டரின் அளவு மூன்றையும் பாருங்கள். ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2035 வழிகாட்டி சொல்லும் பிஎச் 8.2 முதல் 10 வரை. அலுமினியம் இருந்தால் 9-ஐத் தாண்டக் கூடாது.

ஆக்சிஜன் தடுப்புப் படலம் இல்லாத பழைய பிளாஸ்டிக் பைப் இருந்தால் ஆக்சிஜன் சுவர் வழியாகவே கரைந்து நுழையும். குமிழியாகத் தெரியாது, அரிப்பாகத்தான் தெரியும். அந்தப் பகுதியைப் பிளேட் வெப்பமாற்றி போட்டுத் தனிச் சுற்றாக்குவதே வழி.

அறிகுறி: அளவீடுகள் துள்ளுகின்றன, அறைகள் சரியாகவே இருக்கின்றன

அழுத்த வேறுபாட்டு சென்சாரின் மெல்லிய குழாய்களில் காற்று நின்றால் பொய் அளவு காட்டும். அதைப் பார்த்து, பம்ப்பின் வேகத்தை மாற்றும் மின்கருவியான டிரைவ், பம்ப்பை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். சுற்றைத் தொடுவதற்கு முன் அந்தக் குழாய்களின் வென்ட்டை எடுங்கள். டிரைவ் பம்ப்பைக் குறைந்த வேகத்திலேயே நீண்ட நேரம் ஓட்டும் கட்டடங்களில் குமிழி செபரேட்டர் வரை வராமல் உச்சிகளில் தங்கிவிடும். தினமும் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடும்படி அட்டவணை போட்டால் இது குறையும்.

வேலை முடிந்தபின்

காற்றோடு எவ்வளவு தண்ணீர் போனதோ அவ்வளவு இன்ஹிபிட்டரும் கிளைக்காலும் நீர்த்திருக்கும். அளந்து பார்த்துச் சேருங்கள். கிளைக்காலை வெளியே சரியான விகிதத்தில் கலந்த பிறகே உள்ளே ஏற்ற வேண்டும். மூடி வைத்த கிளைகளையும், நெம்புகோலில் மாட்டி வைத்த வால்வுகளையும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். வேகமாக ஓட்டிய தண்ணீர் சேற்றைக் கிளறியிருக்கும் என்பதால் ஸ்ட்ரெய்னர்களை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் திறந்து கழுவுங்கள். குளிர் அழுத்தம், பம்ப் ஓடும்போது உறிஞ்சும் பக்க, தள்ளும் பக்க அழுத்தங்கள், மேக்கப் மீட்டர் எண் ஆகியவற்றைத் தேதியோடு பாய்லர் அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்து வருபவர் சாவியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியது அந்தத் தாள்.